குறட்டை நின்ற அந்த நிமிடம்

உங்கள் வீட்டில் குறட்டை விடுகிறவர் யாராவது இருக்கிறார்களா? சிரிக்காதீர்கள், சகோதரிகளே. நானும் சிரித்தவள்தான். அது மட்டுமல்ல, சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டும் இருந்துவிட்டேன். அதனால் என்ன நேர இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் முள்ளுக்குறிச்சி. மலைக்கு ஏறும் பாதைகளில் ஒன்று எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். அதற்குப் பிறகு கேட்பது இரண்டே சத்தம். ஒன்று மலைக்காற்று. மற்றொன்று எங்கள் அத்தையின் குறட்டை! (அத்தை என்றது என் மாமியாரை. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.) "உங்க அத்தை தூங்குனா, நம்ம தெருக் காவலுக்கு நாயே வேண்டாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். அத்தையும் சேர்ந்து சிரிப்பார்.

அத்தைக்கு அப்போது 62 வயது. உயரம் 5 அடி, எடை 92 கிலோ. குச்சிக்கிழங்குக் காட்டில் நாற்பது வருஷம் பாடுபட்ட உடம்பு. முழங்கால் இரண்டும் தேய்ந்து நடக்க முடியாமல் போனதும், உட்கார்ந்த இடத்திலேயே இருந்து எடை கூடிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. காலையில் எழுந்தால் தலை பாரமாக இருக்கிறது என்பார். பகலில் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிடும். ராத்திரியில் குறட்டை சில சமயம் சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு 'ஹக்' என்று ஒரு திணறல், மறுபடி குறட்டை. வயசாகிவிட்டது, உடம்பும் கனம், அதனால்தான் இப்படி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் என்று முடிவாயிற்று. முதல் நாள் ஓர் இளம் டாக்டர் வந்து, படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா...

"தூக்கமெல்லாம் எப்படிம்மா?"

"தூக்கத்துக்கு என்ன கொறைச்சல் சாமி! படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். 'டாக்டர், அத்தை ரொம்பக் குறட்டை விடுவாங்க. நடுவிலே மூச்சு நின்னு நின்னு வரும்' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் அத்தை எதிரில், என் கணவர் எதிரில், மருமகள் வாயால் அதைச் சொல்வதா? மரியாதைக் குறைவாகப் போய்விடாதா? பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து ஆபரேஷனை முடித்தார்கள். சாயங்காலம் வரை அத்தை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். மரப்பு விட்டதும் வந்தது பாருங்கள் வலி! மூன்று பிள்ளை பெற்றபோதுகூட வாயைத் திறக்காதவர் என்று சொல்வார்கள். அன்றைக்கு "ஐயோ, முடியலியே கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஏழு மணிக்கு மார்ஃபின் ஊசி போட்டார்கள். கொஞ்சம் அடங்கியது. பத்து மணிக்கு மறுபடியும் வலி. "இப்பத்தானே போட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் நர்ஸ். நான் விடவில்லை. "பெரியவங்க துடிக்கிறாங்க, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று சண்டைக்கே போய்விட்டேன். நர்ஸ் டாக்டரிடம் போனில் கேட்டு இன்னொரு ஊசி போட்டார். அதோடு நான் நின்றிருந்தாலாவது சரி. கால்வலியால் தூக்கம் வராத நாட்களுக்கென்று எப்போதோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை அத்தையின் சுருக்குப் பையில் இருந்தது. 'நிம்மதியாகத் தூங்கட்டும்' என்று, யாரையும் கேட்காமல், அதையும் ஒன்று எடுத்து என் கையாலேயே கொடுத்தேன்.

அத்தை தூங்கினார். அறையே அதிரும்படி குறட்டை. எனக்கும் மனசு நிம்மதியாயிற்று. கீழே பாயை விரித்துப் படுத்தேன்.

நடுச்சாமத்தில் என்னை எழுப்பியது சத்தம் அல்ல, சத்தம் இல்லாமல் போனதுதான். வழக்கம்போல 'ஹக்' என்ற திணறல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து... இருபது... முப்பது. எழுந்து விளக்கைப் போட்டேன். உதடு நீலம் பூத்திருந்தது. தொட்டேன், உலுக்கினேன், கூப்பிட்டேன். அசைவே இல்லை. நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்தார். தோளைப் பிடித்துப் பலமாக உலுக்கி, "அம்மா, மூச்சு இழுங்க! இழுங்க!" என்று கத்தி, தாடையை மேலே தூக்கிப் பிடித்ததும் ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சைக் கேட்டபோது எனக்குப் போன உயிர் வந்தது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து ஆக்ஸிஜன் வைத்து, ஓர் ஊசி போட்டார். இரண்டு நிமிஷத்தில் அத்தை கண்ணைத் திறந்தார். கூடவே வலியும் திரும்பி வந்து அலறினார். அது நலாக்ஸோன் என்ற மாற்று மருந்தாம். மார்ஃபின் போய் உட்காரும் இடத்திலிருந்து அதை விரட்டிவிடும். ஆனால் அதன் வேலை சீக்கிரமே தீர்ந்துவிடும், மார்ஃபின் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். ஆகவே மறுபடி மூச்சு மந்தமாகலாம் என்று, விடிய விடியத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா சொன்ன விளக்கம்

மறுநாள் காலை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, இவங்களுக்கு வீட்டிலே குறட்டை உண்டா? நடுவிலே மூச்சு நிக்குமா?"

உண்டு என்று அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். தூக்க மாத்திரை கொடுத்ததையும் மறைக்காமல் சொன்னேன். "இதை நேத்தே யாராவது சொல்லியிருந்தா, நான் வேற மாதிரி மருந்து குடுத்திருப்பேனே" என்றவர், ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்த மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

நாம் தூங்கும்போது தொண்டைச் சதை தளரும். கழுத்திலும் நாக்கின் அடியிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு மூச்சுப் பாதை ஏற்கெனவே குறுகல். சதையும் தளர்ந்தால், தோட்டத்து ரப்பர் குழாயை மிதித்தது போல் அந்தப் பாதை மூடிக்கொள்கிறது. பாதி மூடினால் குறட்டை. முழுக்க மூடினால் மூச்சு நிற்கிறது. இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா', அதாவது உறக்க மூச்சுத் தடை என்று பெயர். மூச்சு நின்றதும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது, கரியமில வாயு ஏறுகிறது. உடனே மூளை ஆளை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. அந்த 'ஹக்' என்ற திணறல் அதுதான். தூங்குகிறவருக்கு இது நினைவிருக்காது. ராத்திரி முழுக்க இப்படி நூறு தடவை எழுந்தாலும், 'நல்லாத் தூங்கினேன்' என்பார். உண்மையில் உடம்பு தூங்கவே இல்லை. பகல் அசதியும் காலைத் தலைவலியும் அதனால்தான். ரத்தக் கொதிப்பு ஏறுவதற்கும் இது ஒரு காரணம்.

"அந்தத் திணறல் இருக்கு பாருங்க, அதுதான் இவங்களை இத்தனை வருஷமாக் காப்பாத்தற காவல்காரன்" என்றார் டாக்டரம்மா. "மார்ஃபின் மாதிரி மருந்து வலியை மட்டும் தூங்க வைக்காது. அந்தக் காவல்காரனையும் தூங்க வெச்சிடும். தூக்க மாத்திரையும் சேர்ந்தா, அவன் எழுந்திருக்கவே மாட்டான்."

மார்ஃபின், ஃபென்டனைல், டிராமடால், கோடீன் ஆகிய எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மார்ஃபின் அபினிலிருந்து கிடைப்பது. வலியை அடக்குவதில் இவற்றுக்கு ஈடு இல்லை. ஆனால் மூச்சு விடும்படி கட்டளையிடுகிற மூளைப் பகுதியை இவை மந்தப்படுத்தும். கரியமில வாயு ஏறினாலும் மூளை பதறாது. தொண்டைச் சதையும் இன்னும் தளரும். பருத்த உடம்புக்காரர் மல்லாந்து படுத்தால் வயிறு மேலேறி நுரையீரலை அழுத்துவதால், உள்ளே காற்றின் இருப்பே குறைவு. மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஆக்ஸிஜன் இறங்கிவிடும்.

எடை பற்றியும் ஒரு விஷயம் சொன்னார். ஆள் பெரியவர் என்பதற்காக மருந்தையும் பெரிதாகக் கொடுத்துவிடக் கூடாதாம். 92 கிலோவுக்கு என்று கணக்குப் போடாமல், கொழுப்பு நீங்கலான உடம்பு எடைக்குத் தக்கபடி, சிறு அளவில் ஆரம்பித்துப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டுமாம்.

ஊருக்கும் உலகுக்கும் பொதுவான கதை

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயமா என்று பிறகு தேடிப் படித்தேன். இல்லவே இல்லை.

சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில், நின்ற இடத்திலேயே தூங்கிக் குறட்டை விடும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். அதை வைத்து 1956-ல் அமெரிக்க டாக்டர்கள், உடல் பருத்து, மூச்சு மந்தமாகி, பகலில் தூங்கி விழும் நோய்க்கு 'பிக்விக் நோய்க்குறி' என்றே பெயர் வைத்தார்கள். 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாக்டர் காலின் சலிவன், மூக்கின் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கும் முறையை வெளியிட்டார். 'சிபேப்' என்ற அந்தக் கருவிதான் இன்றும் இந்த நோய்க்கு முக்கிய சிகிச்சை.

அமெரிக்காவில் நஷ்டஈடு கேட்டு வந்த வழக்குகளிலிருந்து, ஆபரேஷனுக்குப் பிறகு ஓபியாய்டு மருந்தால் மூச்சு மந்தமான 92 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2015-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு ஆபத்து வந்தது ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள். இன்னொன்றையும் கேளுங்கள். 97 சதவீதம், சரியாகக் கண்காணித்திருந்தால் தடுத்திருக்கக் கூடியவையாம்! படிக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்க எட்டுக் கேள்விகள்

கனடாவின் டொரான்டோ நகரில் டாக்டர் ஃபிரான்சஸ் சங் குழுவினர் 2008-ல் ஓர் எளிய கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். 'ஸ்டாப்-பேங்' என்று பெயர். 'ஆம்' என்ற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண்.

1. அடுத்த அறைக்குக் கேட்கும் அளவுக்குக் குறட்டை உண்டா?
2. பகலில் அடிக்கடி அசதி, தூக்கக் கலக்கம் உண்டா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்த அழுத்த நோய் உண்டா?
5. பி.எம்.ஐ. 35-க்கு மேலா? (எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது.)
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? (தையல் டேப்பால் அளந்து பாருங்கள்.)
8. ஆணா?

மூன்று, நான்கு என்றால் நடுத்தர ஆபத்து. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் அதிக ஆபத்து. அத்தைக்குக் கணக்குப் போட்டேன். பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 40, கழுத்து 42 சென்டிமீட்டர். எட்டுக்கு ஏழு! எட்டாவது கேள்வி மட்டும்தான் மிச்சம்.

அந்த எட்டாவது கேள்வியைப் பார்த்து, 'இது ஆண்களுக்கு வரும் வியாதி' என்று ஏமாந்துவிடாதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இது அதிகமாகிறது. நம்மில் பலர் டாக்டரிடம் குறட்டையைச் சொல்வதில்லை. 'அசதியா இருக்கு, தலை வலிக்குது, சரியாத் தூக்கமில்லே' என்றுதான் சொல்வோம். சத்துக் குறைவு, கவலை என்று டானிக்கோடு அது முடிந்துவிடும். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

இந்தக் கேள்விகள் சந்தேகத்தைக் காட்டத்தான். நோயை உறுதி செய்வது, ராத்திரி முழுக்க மூச்சையும் ஆக்ஸிஜனையும் பதிவு செய்யும் தூக்கப் பரிசோதனைதான்.

வலி மருந்தே வேண்டாம் என்பதா?

இதைப் படித்துவிட்டு, 'ஐயோ, மார்ஃபினே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நான் எழுதியதே வீண். வலியைத் தாங்கிக்கொண்டு கிடப்பது வீரமல்ல. வலி இருந்தால் நோயாளி ஆழ்ந்து மூச்சு விட மாட்டார், இருமிச் சளியை வெளியேற்ற மாட்டார், எழுந்து நடக்க மாட்டார். அதிலும் ஆபத்து உண்டு.

புற்றுநோய் வலியில் துடிப்பவர்களுக்கு மார்ஃபின் மாத்திரை ஒரு வரம். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வகுத்து, கடும் வலிக்கு மார்ஃபினைச் சொன்னது. நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிகளுக்கு அது கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அப்படிப்பட்டவர் பருமனாக இருந்தாலும், குறட்டை விட்டாலும், வலியோடு விட்டுவிட வேண்டியதில்லை. குறைந்த அளவில் தொடங்கி, கவனித்துக் கொடுக்க டாக்டர்களுக்குத் தெரியும். நாம் செய்ய வேண்டியது, உள்ளதை உள்ளபடி அவர்களிடம் சொல்வது.

நினைவில் வையுங்கள்

ஆபரேஷனுக்கு முன்: குறட்டை, மூச்சு நிற்பது, பகல் தூக்கம் மூன்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, நரம்பு வலி மாத்திரை, வீட்டுக்காரரின் குடிப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். சிபேப் கருவி இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

டாக்டரிடம் கேட்கலாம்: "நரம்பைச் சுற்றி மரக்க வைக்கும் ஊசி போட முடியுமா? பாராசிட்டமால் மாதிரி மருந்துகளை நேரப்படி கொடுத்து, மார்ஃபினைக் குறைக்க முடியுமா?" இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

ஆபரேஷனுக்குப் பின்: மல்லாந்து படுக்க வைக்காமல், தலைப்பக்கத்தை உயர்த்தியோ, டாக்டர் அனுமதித்தால் ஒருக்களித்தோ படுக்க வையுங்கள். தூங்குகிறவரை எழுப்பினால் உடனே விழித்துப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். பேச்சுக் குழறினாலும், பாதிப் பேச்சில் தூங்கி விழுந்தாலும், மூச்சு மெதுவானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். 'பாவம், அசந்து தூங்குறாங்க' என்று விட்டுவிடாதீர்கள்.

விரலில் மாட்டும் கருவியை மட்டும் நம்ப வேண்டாம்: ஆக்ஸிஜன் வைத்திருக்கும்போது அது 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே மூச்சு மந்தமாகிக் கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். மூச்சை எண்ணிப் பார்ப்பதும் அவசியம்.

முதல் ராத்திரியோடு முடியவில்லை: ஆபரேஷன் ஆனதும் கெட்டுப்போன தூக்கம், மூன்றாம் நாள் வாக்கில் ஆழமாகத் திரும்பும். மூச்சுத் தடையும் அப்போது அதிகமாகலாம். அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாலும் கவனம் தேவை.

வீட்டில்: ஓபியாய்டு மருந்தோடு தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது. சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரகாபலின், காபாபென்டின் மாத்திரைகளும் ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-ல் எச்சரித்திருக்கிறது. டாக்டர் இரண்டையும் எழுதியிருந்தால், நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே கேளுங்கள். வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனைல் பட்டை மேல் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

மிச்ச மாத்திரையைத் தானம் செய்யாதீர்கள்: டிராமடால் 2018 ஏப்ரல் முதல் நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 'எனக்குக் கேட்டுது, உனக்கும் கேக்கும்' என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் பொருள் அல்ல அது.

குழந்தைகளுக்கு: 12 வயதுக்குக் கீழ் கோடீனும் டிராமடாலும் கூடாது என்று 2017-ல் அமெரிக்கத் துறை அறிவித்தது. 12 முதல் 18 வரை உள்ள பிள்ளைகளில், பருமனாக இருப்பவர்களுக்கும் உறக்க மூச்சுத் தடை உள்ளவர்களுக்கும் வேண்டாம் என்றது. பாலூட்டும் தாய்மார்களுக்கும் அதே எச்சரிக்கைதான். சில இருமல் மருந்துகளில் கோடீன் உண்டு. ஆகவே வீட்டில் இருக்கிற பழைய பாட்டிலை எடுத்துக் குழந்தைக்கு ஊற்றிவிடாதீர்கள்.

இரண்டாவது முழங்கால்

அத்தைக்குப் பிறகு தூக்கப் பரிசோதனை செய்தார்கள். மணிக்கு 48 தடவை மூச்சுத் தடை! 30-க்கு மேல் போனாலே கடுமையான நோய் என்று கணக்காம். சிபேப் கருவி வாங்கினோம். "இதென்ன, மாட்டுக்கு வாய்க்கூடு போட்டாப்புல!" என்று முதல் நாள் கழற்றி எறிந்தார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தினம் கொஞ்ச நேரமாகப் பழக்கினான். ஒரு மாதத்தில் காலைத் தலைவலி போயிற்று. பகலில் திண்ணையில் உட்கார்ந்தால் கதை பேசுகிறாரே தவிரத் தூங்கி விழுவதில்லை. சாமையும் கீரையும், அளந்த சாப்பாடும், வலது காலின் பலத்தில் கொஞ்சம் நடையும் சேர்ந்து 7 கிலோ குறைந்தது.

எட்டு மாதம் கழித்து இடது முழங்கால் ஆபரேஷன். அதே மருத்துவமனை, அதே டாக்டரம்மா. இந்தத் தடவை படிவத்தோடு டாக்டர் வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். முழங்காலுக்குப் போகும் நரம்பைச் சுற்றி ஊசி போட்டார்கள். பாராசிட்டமாலை நேரப்படி கொடுத்தார்கள். அதையும் மீறி வலி வந்தபோது, மார்ஃபின் சிறு அளவில் இரண்டே முறை. தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், முகத்தில் சிபேப், நர்ஸ் மணிக்கு மணி வந்து மூச்சை எண்ணினார். வலி இல்லாமல் இல்லை. ஆனால் தாங்கும்படி இருந்தது. ராத்திரி முழுக்க நான் உட்கார்ந்தே இருந்தேன். பயத்தினால் அல்ல, பழக்கத்தினால்!

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், மனசில் வைத்திருந்ததை அத்தையிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உங்களைப் பத்திக் கொறைச்சலாச் சொல்றாப்புல ஆயிருமேன்னு அன்னைக்கு வாயை மூடிக்கிட்டேன் அத்தை. அந்த மாத்திரையையும் நாந்தான் குடுத்தேன்" என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ முழிச்சுக்கிட்டதாலதான் கண்ணு நான் இருக்கேன். ஆனா ஒண்ணு. டாக்டருகிட்டப் போயி மரியாதை பாக்கக் கூடாது" என்றார்.

இப்போது அத்தை பஸ் நிறுத்தம் வரை தானாகவே நடந்து போகிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் தெரிந்தவர் யாரையாவது பார்த்தால், "என்ன ஆப்பரேசனா? கொறட்டை உடுவியா? மொதல்ல அதைச் சொல்லு!" என்று மடக்கிவிடுகிறார். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்தால் பரவாயில்லை. சொல்லிவிட்டால் சரி.